பிறப்பைத் திருத்தும் இயந்திரம்

(மாணவர் வாசிப்பு வட்டத்தின் மாலைக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சுமொழி இயன்றவரை அப்படியே விடப்பட்டுள்ளது.)



இன்னிக்கு நான் பேசப்போறது ஒரு பொம்மைப் படத் தொடரைப் பத்தி. கூட்டத்துக்குத் தலைப்பு கொடுத்தப்பவே ஒரு மூத்த தோழர் கேட்டார், "ஏம்ப்பா, பேச வேற விஷயமே இல்லையா, ஜப்பான்காரன் கார்ட்டூனுக்கா மைக் போட்டுப் பேசணும்?" அவர் கேட்டது நியாயம்தான். ஆனா நம்ம விடுதிகள்ல ராத்திரி பத்து மணிக்கு மேல பிள்ளைங்க எதப் பாக்குறாங்கன்னு போய்ப் பாத்தா பதில் கிடைச்சிரும். ஒரு தலைமுறை தன் ஆசைகளையும் அச்சங்களையும் இந்த அனிமேத் தொடர்கள் வழியாத்தான் யோசிச்சுக்கிட்டிருக்கு. அது வெறும் பொழுதுபோக்குன்னு ஒதுக்கிட்டா, அங்க என்ன கற்பிக்கப்படுதுங்கறத யாரும் கேக்காமலே போயிரும். கதை என்று ஒன்று சொல்லப்படும்போதே, எது இயல்பு, எது பிறழ்வு, யாருடைய வலி பெருசு, யாருடைய வலி சிறுசு என்கிற தீர்ப்பும் சேர்த்தே சொல்லப்படுகிறது. புராணத்தை அப்படித்தான் வாசித்தோம். இதையும் அப்படியே வாசிப்போம்.

தொடரின் பெயர் 'ஸ்டைன்ஸ் கேட்'. முதலில் 2009-இல் கணினி விளையாட்டாக வந்தது. 2011-இல் ஒயிட் ஃபாக்ஸ் நிறுவனம் 24 பகுதிகள் கொண்ட தொடராக எடுத்தது. உங்களில் பாதிப்பேர் பார்த்திருப்பீங்க. பார்க்காதவங்களுக்காகக் கதையைச் சுருக்கமாச் சொல்லிர்றேன்.

டோக்கியோவில் அகிஹபாரா என்கிற பகுதி. மின்சாதனக் கடைகளுக்கும் அனிமே ரசிகர்களுக்கும் பேர்போன இடம். அங்கே 2010 கோடைகாலம். ஒகாபே ரிந்தாரோ என்று ஒரு கல்லூரி மாணவன். தன்னைப் பித்துப்பிடித்த விஞ்ஞானி என்று சொல்லிக்கொண்டு, நண்பர்களைச் சேர்த்து ஒரு வாடகை அறையில் 'ஆய்வுக்கூடம்' நடத்துகிறான். மைக்ரோவேவ் அடுப்பையும் செல்போனையும் இணைத்து அவர்கள் செய்த ஒரு கருவி, தற்செயலாக, கடந்த காலத்துக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் இயந்திரமாகிவிடுகிறது. அதற்கு 'டி-மெயில்' என்று பெயர் வைக்கிறார்கள். பழைய காலத்துக்கு ஒரு செய்தி போனால் அதைப் படித்தவர் வேறு மாதிரி நடந்துகொள்வார், உலகமே மாறிவிடும். மாறியது யாருக்கும் நினைவிருக்காது. ஒகாபேக்கு மட்டும் நினைவிருக்கும்.

நண்பர்கள் ஒவ்வொருவரும் ஒரு செய்தி அனுப்பக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு இழப்பு, ஒரு ஏக்கம். ஃபேரிஸ் என்கிற பெண்ணுக்கு இறந்துபோன அப்பா திரும்ப வேண்டும். அந்த வரிசையில் ஒருவர்தான் நாம் பேச வந்திருக்கும் லூகா.

லூகா உருஷிபாரா. வயது 16. ஷிண்டோ கோயில் ஒன்றின் பூசாரி வீட்டுப் பிள்ளை. கோயிலில் பணிசெய்யும் இளம்பெண்கள் உடுத்தும் 'மிகோ' உடையில் வாசல் பெருக்கிக்கொண்டிருப்பதைத்தான் நாம் முதலில் பார்க்கிறோம். மென்மையான குரல், கூச்சம். ஒகாபே கொடுத்த ஒரு பொம்மை வாளை வைத்துக்கொண்டு தினமும் பயிற்சி செய்கிறார்.

லூகாவை அறிமுகப்படுத்தும்போது ஒகாபேயின் மனக்குரல் ஒலிக்கும். உடம்பு மெலிசு, முகம் அழகு, எந்தப் பெண்ணையும் விடப் பெண்மை என்று ஒவ்வொன்றாகப் புகழ்ந்துகொண்டே போவான். ஒவ்வொரு புகழ்ச்சியின் முடிவிலும் ஒரே வெட்டு: ஆனால் இது ஆண். திரும்பத் திரும்ப அதே வெட்டு. ரசிகர்கள் மத்தியில் இந்த வெட்டு பெரிய நகைச்சுவையாகப் பரவியது. இன்னிக்கும் பிள்ளைங்க சொல்லிச் சிரிக்கிறாங்க.

தோழர்களே, அந்த 'ஆனா' இருக்கு பாருங்க, அது நமக்குப் புதுசா? "பையன் நல்லாப் படிக்கிறான், ஆனா..." "பொண்ணு லட்சணமா இருக்கா, ஆனா..." "ரொம்ப சுத்தமா இருக்காங்க, பாத்தாத் தெரியவே தெரியாது, ஆனா..." அந்த 'ஆனா'வுக்கு அப்புறம் வர்ற வார்த்தைய வாய்விட்டுக்கூடச் சொல்ல மாட்டாங்க. சொல்லவே வேண்டாம். முன்னாடி சொன்ன அத்தனையையும் அந்த ஒரு சொல் அழிச்சிரும். கண்முன்னால நிக்கிற ஆளை விட்டுட்டு, பிறந்தப்ப ஒட்டுன சீட்டைப் பாக்கச் சொல்ற சொல் அது. அந்தச் சொல்லால் அடிபட்டவங்க நாம. அடுத்தவங்க மேல அது விழும்போது நாம சிரிச்சா அதுக்கு என்ன பேரு?

இன்னொண்ணு. லூகாவை நான் எப்படிச் சொல்றது? அவனா, அவளா? தொடரில் யாரும் அவருக்கு ஒரு அடையாளப் பெயரைத் தரவில்லை. திருநங்கை என்பது இங்குள்ளவர்கள் தங்களுக்காகக் கேட்டுப் பெற்ற பெயர். அதை எடுத்து அவர் தலையில் நான் வைக்க விரும்பவில்லை. ஆனால் தான் பெண்ணாக இருக்க வேண்டும் என்று அவரே வாய்திறந்து கேட்கிறார், அது போதும். தமிழில் நமக்கு ஒரு நல்ல சொல் இருக்கிறது: 'அவர்'. பதினாறு வயசுப் பிள்ளைக்கு எதுக்கு 'அவர்' என்று கேட்காதீங்க. எழுபது வயசு நம்ம தாத்தாவைப் பத்து வயசுப் பொடியன் 'அவன் இவன்'னு கூப்பிட்ட ஊர்லருந்து வந்தவங்க நாம. ஒரு எழுத்து மரியாதைக்கு என்ன விலைன்னு நமக்குத் தெரியும்.

சரி, அந்தச் செய்திக்கு வருவோம். லூகா கேட்பது, தான் பெண்ணாகப் பிறந்திருக்க வேண்டும் என்பது. 1993-இல் அம்மா கர்ப்பமாக இருந்தபோது வைத்திருந்த பேஜருக்கு ஒரு செய்தி போகிறது. காய்கறி நிறையச் சாப்பிடு என்பது அதன் சாரம். கர்ப்பிணி காய்கறி சாப்பிட்டால் பெண் குழந்தை பிறக்கும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறதாம். செய்தி போகிறது. உலகம் மாறுகிறது. லூகா பிறந்ததிலிருந்தே பெண் ஆகிவிடுகிறார்.

இங்க கொஞ்சம் நிறுத்தி யோசிக்கணும். இந்தத் தொடர் அறிவியலைப் பற்றி அவ்வளவு அலட்டிக்கொள்ளும் தொடர். கருந்துளை எப்படி வேலை செய்கிறது, செய்தி எத்தனை பைட் இருக்கலாம் என்பதற்கெல்லாம் மணிக்கணக்கில் விளக்கம். 36 பைட்டுக்கு மேல் போகாது என்று கணக்கே சொல்வார்கள். ஆனால் லூகா விஷயம் வந்ததும் அறிவியல் எங்கே போனது? குழந்தையின் பால் குரோமோசோம் கருவுறும் கணத்திலேயே அமைந்துவிடுகிறது; அதையும் தீர்மானிப்பது தகப்பனின் விந்தணு. அதற்குப் பிறகு தாய் காய்கறி தின்றால் என்ன, கறி தின்றால் என்ன? காலப் பயணத்துக்குக் கருந்துளை, லூகாவுக்குப் பாட்டி வைத்தியம். எது அக்கறையோடு யோசிக்கப்பட்டது, எது போகிறபோக்கில் எழுதப்பட்டது என்பது இதிலேயே தெரிகிறது. இதற்கும் அம்மாவின் வயிறுதான் பொறுப்பு, அம்மாவின் சாப்பாடுதான் பொறுப்பு என்று தொடர் சொல்லாமல் சொல்லிவிடுகிறது.

உலகம் மாறியது ஒகாபேக்கு மட்டும் தெரியும் அல்லவா? உண்மையா என்று தெரிந்துகொள்ள அவன் என்ன செய்கிறான் தெரியுமா? லூகாவின் உடம்பைத் தொட்டுச் சோதிக்கிறான். லூகா பதறிப்போகிறார். காட்சி நகைச்சுவையாக எடுக்கப்பட்டிருக்கிறது. திருநர் தோழர்கள் யாராவது இந்த அரங்கத்தில் இருந்தால் அவர்களைக் கேளுங்கள், இது நகைச்சுவையா என்று. நீ யாருன்னு உன் வாய்ச்சொல்லை நம்ப மாட்டேன், உன் உடம்பைத் திறந்து காட்டு என்பது அதிகாரத்தின் மிகப் பழைய பழக்கம்.

இனிக் கதையின் திருப்பம். இந்தச் செய்திகளால் உலகம் ஒரு பாதையில் சிக்கிக்கொள்கிறது. அந்தப் பாதையில் மயூரி செத்துவிடுவாள். ஒகாபேயின் சிறுவயதுத் தோழி, லூகாவுக்கும் நெருங்கிய தோழி. எத்தனை முறை பின்னால் போய்க் காப்பாற்ற முயன்றாலும் சாகிறாள். அவளைக் காப்பாற்ற ஒரே வழி, அனுப்பிய செய்திகளை ஒவ்வொன்றாக ரத்து செய்வது. ஃபேரிஸ் தன் அப்பாவை மறுபடி இழக்க வேண்டும். லூகா மறுபடி ஆணாக வேண்டும்.

18-ஆம் பகுதி முழுக்க லூகாவுடையது. ஒகாபே உண்மையைச் சொல்கிறான். இதைக் கேட்கும் லூகா யார் என்று பாருங்கள்: அந்த உலகில் பிறந்த நாள் முதல் பெண்ணாக வளர்ந்தவர். அவரிடம் போய், நீ முன்பு ஆணாக இருந்தாய், மறுபடி அப்படி ஆகிவிடு, இல்லாவிட்டால் உன் தோழி சாவாள் என்றால் எப்படி இருக்கும்? அவர் ஒகாபேயை நேசிக்கிறார். ஒரே ஒரு நாள் தன் காதலனாக இருக்கும்படி கேட்கிறார். அந்த நாளும் கூச்சத்தோடும் தடுமாற்றத்தோடும் கழிகிறது. கடைசியில் அவர் சம்மதிக்கிறார். மயூரிக்காகத் தன்னையே கொடுக்கிறார்.

நியாயமாப் பேசணும்னா, இந்த ஒரு பகுதியில தொடர் லூகாவைக் கேலி பண்ணல. அழவைக்கிற பகுதி அது. முடிவெடுக்கிறதும் அவரேதான். அதுவரைக்கும் சிரிப்புக்கு வச்சிருந்த ஆள், கதையிலேயே பெரிய மனசுள்ள ஆளா நிக்கிறார். இதை நான் மறைக்க விரும்பல. ஒரு தம்பி என்கிட்டச் சொன்னான், "அண்ணே, அந்தப் பகுதியப் பாத்துட்டுத்தான் நான் வகுப்புல ஒருத்தரைக் கிண்டல் பண்றத நிறுத்துனேன்"னு. அது நடந்த உண்மை. அதையும் கணக்குல எடுத்துக்கணும்.

ஆனாலும் சில கேள்விகள் நிக்குது.

முதல் கேள்வி, விலையை யார் வைத்தது? ஒரு உயிரா, இன்னொருவரின் உடம்பா என்று தராசு பிடித்தது கதாசிரியர்கள். லூகா பெண்ணாக இருப்பதற்கும் மயூரி சாவதற்கும் இயற்கையில் எந்தத் தொடர்பும் கிடையாது. அவர் பெண்ணாக வாழ்ந்தால் யாரோ சாக நேரிடும் என்று கதை கட்டமைக்கப்படுகிறது. நம்ம பிள்ளைங்க ஒரு உரிமையைக் கேட்டா, 'உனக்குக் குடுத்தா இன்னொருத்தன் வாழ்க்கை போயிரும்'னு சொல்றாங்களே, அந்தக் கணக்குதான் இது.

இரண்டாவது, நினைவு யாரிடம் இருக்கிறது? செய்தி ரத்தானதும் லூகா மறந்துபோகிறார். தான் பெண்ணாக வாழ்ந்தது, அந்த ஒரு நாள், தான் செய்த தியாகம் எதுவும் அவர் மனதில் இல்லை. எல்லாம் ஒகாபேயின் நினைவில் மட்டும். இழந்தவருக்கு இழந்ததே தெரியாது; பக்கத்தில் நின்றவன் அதைத் தன் துயரமாகச் சுமந்து நாயகனாகிறான். வலி ஒருத்தருடையது, வரலாறு இன்னொருத்தனுடையது. இப்படி நம்ம துயரத்தை மத்தவங்க எழுதி மத்தவங்க பேர் வாங்குன கதைகளை நாம நிறையவே பாத்திருக்கோம்.

மூன்றாவதுதான் முக்கியமானது. லூகா ஏன் பிறப்பையே மாற்ற வேண்டியிருந்தது? 2010-ஆம் ஆண்டு ஜப்பானில் அவருக்கு வேறு வழி என்ன இருந்தது? இதைக் கதை கேட்கவே இல்லை. நாம் கேட்போம்.

ஜப்பானில் 1964-இல் திருநர்களுக்கு அறுவை செய்த ஒரு மருத்துவர் மேல் வழக்குத் தொடரப்பட்டு, 1969-இல் தண்டனை விதிக்கப்பட்டது. எந்தச் சட்டத்தின் கீழ்? 1948-இன் யூஜெனிக்ஸ் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ். 'தரமற்ற' சந்ததி பிறக்கக் கூடாது என்று மாற்றுத்திறனாளிகளுக்குக் கட்டாயக் கருத்தடை செய்ய வழிவகுத்த சட்டம் அது. 1996 வரை இருந்தது. ஏறக்குறைய 25,000 பேர் அதன் கீழ்க் கருத்தடைக்கு ஆளானார்கள். அந்தத் தண்டனைக்குப் பிறகு மருத்துவர்கள் பயந்து ஒதுங்கினார்கள். 1998-இல்தான் சைத்தாமா மருத்துவப் பல்கலைக்கழகத்தில் வெளிப்படையாக, முறைப்படி ஒரு அறுவை நடந்தது.

2003-இல் ஒரு சிறப்புச் சட்டம் நிறைவேறி 2004-இல் அமலுக்கு வந்தது. பதிவேட்டில் பாலை மாற்றிக்கொள்ளலாம் என்றது. நிபந்தனைகளைக் கேளுங்கள். 'பாலின அடையாளக் கோளாறு' என்று இரண்டு மருத்துவர்கள் சொல்ல வேண்டும். 20 வயது ஆகியிருக்க வேண்டும். திருமணமானவராக இருக்கக் கூடாது. குழந்தை இருக்கக் கூடாது. 2008-இல் இது 'வயது வராத குழந்தை' என்று தளர்த்தப்பட்டது. இனப்பெருக்கத் திறன் இல்லாதவராக இருக்க வேண்டும், அதாவது கருத்தடை. பிறப்புறுப்பின் தோற்றமும் மாறியிருக்க வேண்டும். ஆக, 16 வயது லூகா நான்கு ஆண்டு காத்திருந்து, தன்னை நோயாளி என்று ஒப்புக்கொண்டு, கத்திக்கு உடம்பைக் கொடுத்து, குழந்தை பெறும் வாய்ப்பையும் எழுதிக்கொடுத்தால் அரசு ஒரு எழுத்தை மாற்றித் தரும். இத்தனை கதவுகளும் மூடிக்கிடக்கும்போது, ஒரு பிள்ளை காலத்தையே பின்னோக்கித் திருப்ப ஆசைப்படுவதில் என்ன வியப்பு?

அந்த நிபந்தனையை எதிர்த்து மக்கள் வழக்காடினார்கள். 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றம் அது செல்லும் என்றது. விடவில்லை. 2023 அக்டோபர் 25 அன்று 15 நீதிபதிகளும் ஒருமனதாகக் கருத்தடை நிபந்தனை அரசியல் சட்டத்துக்கு முரண் என்று தீர்ப்பளித்தார்கள். அடுத்த ஆண்டு ஜூலையில் அந்தப் பழைய யூஜெனிக்ஸ் சட்டமே அரசியல் சட்ட விரோதமாக இருந்தது என்றும் அதே நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. எந்த இயந்திரமும் கடந்த காலத்துக்குப் போகவில்லை. மனுப் போட்டு, தோற்று, மறுபடி மனுப் போட்டுச் செய்தது அது.

இப்ப அந்தப் 'பதிவேடு' பத்திக் கொஞ்சம் சொல்லணும். நமக்கும் இதுக்கும் உள்ள உறவு அங்கதான் இருக்கு. ஜப்பானில் அதற்குப் பெயர் 'கொசெகி', குடும்பப் பதிவேடு. 1871-இல் சட்டம் போட்டு 1872-இல் நாடு முழுக்கத் தொகுத்தார்கள். ஒருவர் பிறப்பு, திருமணம், சாவு எல்லாம் அதில். மூத்த மகன், மூத்த மகள் என்று உறவுமுறையிலேயே பால் எழுதப்பட்டுவிடும். திருநர் ஒருவர் மாற்றப் போராடுவது இந்தப் பதிவைத்தான்.

இதே பதிவேடுதான் புராகுமின் மக்களையும் துரத்தியது. இறந்த மாடு உரித்தவர்கள், தோல் பதனிட்டவர்கள், அதனால் தீட்டு என்று ஒதுக்கப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள். 1871-இல் அரசு ஆணை போட்டு அவர்களைச் சமமாக்கியது. மறு ஆண்டே தொகுத்த பதிவேட்டில் பல இடங்களில் 'புதிய பொதுமக்கள்' என்று குறிப்பு எழுதிவைத்தார்கள். புதியவர் என்றால் பழையபடி யார் என்று தெரிந்துவிடுமே! கல்யாணத்துக்கு, வேலைக்கு என்று அந்தப் பதிவேட்டை எடுத்துப் பார்த்து ஒதுக்கினார்கள். 1922-இல் கியோட்டோவில் சுய்ஹெய்ஷா இயக்கம் தொடங்கி, தங்கள் பெயரைத் தாங்களே நிமிர்ந்து சொன்னார்கள் அந்த மக்கள். 1968-இல்தான் அந்தப் பழைய பதிவேடு பொதுப் பார்வையிலிருந்து மூடப்பட்டது. அப்புறமும் 1975-இல், புராகு குடியிருப்புகளின் ஊர்ப்பெயர்ப் பட்டியலைப் பெரிய நிறுவனங்கள் ரகசியமாக விலைக்கு வாங்கியிருந்தது அம்பலமானது.

ஒரே ஏடு. ஒரு பக்கத்தில் பிறந்த ஊர், இன்னொரு பக்கத்தில் பிறந்த பால். இரண்டிலும் எழுதியவன் அரசு. படித்துப் பார்த்து வாசலில் நிறுத்துகிறவன் ஊர்க்காரன். லூகாவைப் பார்த்து 'ஆனா' போடுகிறவனும், புராகு பெண்ணைப் பார்த்து 'ஆனா' போடுகிற மாமியாரும் ஒரே ஏட்டைத்தான் கையில் வைத்திருக்கிறார்கள்.

இதனால்தான் அந்தக் காலப் பயண இயந்திரம் எனக்கு உறுத்துகிறது. உன் துயரத்துக்குக் காரணம் உன் பிறப்பு, ஆகவே பிறப்பை மாற்று என்கிறது அது. இதே தத்துவத்தை வேற உடுப்புல நாம கேட்டிருக்கோம். இந்தப் பிறவியில அடங்கி நட, அடுத்த பிறவி நல்லாக் கிடைக்கும்னு சொன்னாங்க. இயந்திரம் பின்னாடி போகுது, கர்மம் முன்னாடி போகுது. ரெண்டுமே இந்த உலகத்தை, இப்ப, இங்க, தொடாம விட்டுருது. பிறந்த உடம்பையும் பிறந்த சேரியையும் குற்றவாளிக் கூண்டுல ஏத்திட்டு, தீட்டு வச்சவனைச் சாட்சியாக்கூடக் கூப்பிடல.

1935-இல் யேவலாவில் பாபாசாகேப் சொன்னதை நினைத்துப் பாருங்கள். இந்துவாகப் பிறந்தது தன் கையில் இல்லை, ஆனால் இந்துவாகச் சாக மாட்டேன் என்றார். 1956-இல் செய்தும் காட்டினார். பிறப்பைத் திருத்த அவர் ஆசைப்படவில்லை. பிறப்புக்கு அதிகாரம் கொடுத்த ஏற்பாட்டை உதறினார். 'ஆனால்' என்கிற சொல் அவர் வாயில் வந்தபோது அது எப்படித் திரும்பி நிற்கிறது பாருங்கள்.

கடைசியா நம்ம வீட்டுக்குள்ள வருவோம். 2014 ஏப்ரல் 15 அன்று நம் உச்சநீதிமன்றம், பாலினத்தை அறிவிப்பவர் அவரவரே, அறுவை செய்தால்தான் ஏற்போம் என்று வற்புறுத்துவது சட்டவிரோதம் என்றது. ஜப்பானுக்கு 9 ஆண்டு முன்பே. ஆனால் 2019-இல் வந்த சட்டம் மாவட்ட ஆட்சியரின் சான்றிதழைக் கேட்டது. சாதிச் சான்றிதழுக்கு அலையாய் அலைந்த நமக்கு அந்த வரிசை தெரியும். தலித் திருநர் இரண்டு வரிசையிலும் நிற்க வேண்டும். அதனால்தான் கிரேஸ் பானு போன்ற தோழர்கள் எல்லாப் பிரிவுக்குள்ளும் கிடைமட்ட இடஒதுக்கீடு கேட்டுப் போராடினார்கள். அது 'அவங்க' கோரிக்கை என்று நம் மேடைகள் எத்தனை தடவை கைகழுவியிருக்கின்றன? நம் கூட்டங்களில், நம் விடுதிகளில், நடையைப் பார்த்து, குரலைப் பார்த்து எழுகிற சிரிப்பை எத்தனை தடவை சும்மா விட்டிருக்கிறோம்?

நான் அந்தத் தொடரைப் பாக்காதீங்கன்னு சொல்லல. பாருங்க. 18-ஆம் பகுதிய ரெண்டு தடவை பாருங்க. முதல் தடவை ஒகாபேயோட சேர்ந்து அழுங்க, தப்பில்ல. ரெண்டாவது தடவை லூகா இருக்கிற இடத்துலருந்து பாருங்க. அந்தப் பிள்ளைக்குக் காலத்தைத் திருப்புற கருவி தேவைப்பட்டிருக்காது. அவர் கேட்டப்ப சரின்னு சொல்ற ஒரு வீடு, ஒரு பள்ளிக்கூடம், ஒரு சட்டம் இருந்திருந்தா போதும். 'ஆனா' போடாத நாலு நண்பர்கள் இருந்திருந்தா போதும். மத்ததுக்கு நாளாகும். அந்த நாலு பேரா இருக்கறதுக்கு இன்னிக்கு ராத்திரியே முடியும்.

நான் நிறுத்திக்கிறேன். இனி நீங்க பேசுங்க.